ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

புத்தாண்டு வந்தால் ஆளுக்கொரு உறுதி எடுக்கிறோம். பௌத்தம் ஏற்றவர்களும் எடுக்கிறார்கள். பஞ்சசீலம் சொல்லி, கண்மூடி உட்கார்ந்து, 'இந்த வருஷம் கோபப்பட மாட்டேன், குடிக்க மாட்டேன்' என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் இந்த உறுதியை யாரிடம் சொல்கிறோம்?

சாமிகிட்ட வேண்டிக்கிட்டா அது பேரம். 'நீ இதக் குடு, நான் கெடா வெட்டுறேன்.' புத்தர்கிட்ட அந்தப் பேரம் படியாது. கொடுக்கவும் தண்டிக்கவும் அங்கே ஆளில்லை. பஞ்சசீலம்கூடக் கட்டளை அல்ல. ஒவ்வொன்றையும் பயிற்சியாக ஏற்கிறேன் என்றுதான் சொல்கிறோம்.

'போன ஜென்மத்துப் பாவம், சேரியில பொறந்தீங்க' என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொன்னார்கள். எண்ணத்தையே கர்மம் என்கிறேன் என்றார் புத்தர். முன்ஜென்ம வினைதான் இன்றைய நிலையைத் தீர்மானிக்கிறது என்பதை, 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் ஏற்க மறுத்தார். ஆக, எங்கே பிறந்தேன் என்பதல்ல, இப்போது என்ன செய்ய நினைக்கிறேன் என்பதே கேள்வி. நம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் எண்ணம்தான் எல்லாம் என்றால் இன்னொரு சிக்கல் வருகிறது. ரெட்டைக் கிளாஸ் வைத்திருக்கும் டீக்கடைக்காரரும், 'எம் மனசுல ஒண்ணும் இல்லப்பா, ஊரு வழக்கம்' என்பார். அவர் மனசை யார் திறந்து பார்ப்பது?

ராகுலனுக்குப் புத்தர் சொன்ன வழி இதற்குப் பதிலாகிறது. கண்ணாடி எதற்கு? பார்ப்பதற்கு. அதுபோல, ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால், செய்யும்போது, செய்த பிறகு என்று மூன்று முறை பார்க்கச் சொன்னார். இது எனக்குத் தீங்கா, பிறருக்குத் தீங்கா என்று. எண்ணம் நெஞ்சுக்குள் மட்டும் நின்றுவிட்டால் போதாது. அது அடுத்தவரை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் 22 உறுதிமொழிகளை மக்களுக்கு வழங்கினார். கண்மூடி அல்ல, கூட்டத்தின் நடுவே, வாய்விட்டு. ஒன்பதாவது உறுதிமொழி, மனிதர் எல்லோரும் சமம் என்று நம்புவது. அதோடு அவர் விடவில்லை. பத்தாவது, அந்தச் சமத்துவத்தை நிலைநாட்டப் பாடுபடுவது. ஒன்பதைச் சொல்வதற்கு ஒரு மூச்சு போதும். பத்துக்கு ஆயுசு வேண்டும்.

நாமும் பெரும்பாலும் ஒன்பதிலேயே நின்றுவிடுகிறோம். மேடையில் சமத்துவம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், சாப்பிட்ட தட்டை யார் கழுவுவது? நமக்கும் கீழே என்று இன்னொரு தெருவை வைத்திருக்கிறோமே, அங்கே பெண் எடுப்போமா, கொடுப்போமா? கண்ணாடியை இங்கேதான் பிடித்துப் பார்க்க வேண்டும்.

அதனால் இந்த ஜனவரிக்கு என் உறுதி மனநிம்மதி பற்றியது அல்ல. தட்டும், அந்தத் தெருவும்தான். அதை என் மனைவியிடமும் இரண்டு தோழர்களிடமும் வாய்விட்டுச் சொல்லப்போகிறேன். நான் சரியாகச் செய்தேனா என்று அவர்கள் என்னைக் கேட்கலாம். டிசம்பர்வரை பொறுக்கணும்னு இல்ல, எப்ப வேணா கேக்கலாம்.