கரையில் பேசுங்கள்
(தங்கச்சிமடத்தில் தவக்காலத் தியானத்தில் ஆற்றிய உரை)



மன்னிப்பைப் பற்றி இந்த ஊரில் பிரசங்கம் செய்ய எனக்குத் தயக்கம் உண்டு. 2017 மார்ச் 6 அன்று இரவு, தொழிலுக்குப் போயிருந்த இந்த ஊர்ப் பிள்ளை ஒருவன் கடலிலேயே குண்டடிபட்டு இறந்தான். சுட்டது இலங்கைக் கடற்படை என்றார்கள் உடன் போனவர்கள், கடற்படை மறுத்தது. உடலை வாங்க மாட்டோம் என்று ஊரே நாள்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது. அந்த வாரம்தான் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. நம் மக்கள் அந்த ஆண்டு படகேறவில்லை. அந்தப் பந்தலில் கிடந்து அழுத தாய்மாரிடம் போய் "மன்னித்துவிடுங்கள்" என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

நியாயம் கேட்பதை விட்டுவிடுவதுதான் மன்னிப்பு என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். தலைமைக் குருவின் வீட்டில் காவலன் ஒருவன் கன்னத்தில் அறைந்தபோது, நான் பேசியதில் என்ன தவறு, ஏன் அடிக்கிறாய் என்று நம் ஆண்டவர் கேட்டார். யோவான் நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது, வீட்டில் எடுத்து வாசியுங்கள். நிமிர்ந்துதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு வசைச்சொல் இல்லை, சாபம் இல்லை. மறுநாள் சிலுவையில் தொங்கியபடி, தம்மை அறைந்தவர்களுக்காகப் பிதாவிடம் மன்றாடியதும் அதே வாய்தான். நியாயம் கேளுங்கள். விசாரணை கேளுங்கள். வெறுப்பை மட்டும் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதி வைக்காதீர்கள்.

2014 அக்டோபர் 30 உங்களுக்கு மறக்காது. போதைப்பொருள் கடத்தினார்கள் என்ற வழக்கில் நம் ஊர் மீனவர் 5 பேருக்குக் கொழும்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. நாங்கள் அதைச் செய்யவில்லை என்றார்கள் அவர்கள். ஊரும் அதையே நம்பியது. நவம்பரில் இலங்கை அதிபர் மன்னிப்பு வழங்க, உயிரோடு வீடு வந்து சேர்ந்தார்கள். அதே தீர்ப்பில் இலங்கைக்காரர் 3 பேருக்கும் தூக்கு என்று இருந்தது. நம் 5 பேருக்காக முழங்கால் போட்டோமே, அந்த 3 வீட்டுப் பெண்களின் கண்ணீரையும் சேர்த்து ஒப்புக்கொடுத்தோமா? இன்றைக்காவது ஒப்புக்கொடுங்கள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கோபிக்காதீர்கள். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்து மீனவருக்கு நம்மேல் பெரிய மனத்தாங்கல் உண்டு. போர்க் காலத்தில் கடலுக்குப் போக வழியில்லாமல் கிடந்தவர்கள், போர் முடிந்து கடன்பட்டு வலை வாங்கி, ராத்திரி கடலில் விரித்தார்கள். விடியும்போது நம் விசைப்படகுகளின் இழுவை மடி அதை அறுத்துக்கொண்டு போயிருந்தது என்று அழுகிறார்கள். அவர்களும் தமிழர், பலர் நம்மைப் போல அந்தோணியாரைக் கும்பிடுகிறவர்கள். கச்சத்தீவில் அவர்களோடு ஒரே பூசையில் நின்று ஒரே நற்கருணையை வாங்குகிறோம். காணிக்கை செலுத்த வருகையில் சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானம் ஆகு என்பது ஆண்டவரின் போதனை. யார்மேல் தப்பு என்று அவர் அங்கே கணக்குப் பார்க்கவில்லை. நமக்கும் வட்டி உண்டு, வயிறு உண்டு, அதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, அறுந்த வலைக்கு வருத்தமும் சொல்லுங்கள்.

இவ்வளவும் கடலுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நிலைமை என்ன? நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோய் வாக்கிடாக்கியில் கூப்பிட்டால், பத்து வருடம் முகம் பார்க்காதவனும் படகைத் திருப்பிக்கொண்டு வருவான். கயிறு போட்டு, தன் டீசலைச் செலவழித்து, கரை வரைக்கும் கட்டி இழுத்து வருவான். எனக்கு இந்தக் கடற்கரை மக்களிடம் ஆகப் பெரிய மரியாதை இதனால்தான். ஆனால் படகு கரை சேர்ந்து நங்கூரம் போட்டதும் அவன் ஒரு தெரு, இவன் ஒரு தெரு. வல்லத்துப் பங்கில் வந்த சண்டை, அண்ணன் தம்பிக்குள் மனைத் தகராறு, கல்யாணத்தில் முறையாக அழைக்கவில்லை என்ற குறை. "அவன் செத்தாலும் வாசப்படி மிதிக்கமாட்டேன்" என்று ஒரு நாள் கோபத்தில் சொன்ன சொல்லுக்காகவே இருபது வருடம் மிதிக்காமல் இருக்கிறார்கள். அடித்த அடி ஆறிவிட்டது. சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது என்ற வெட்கம்தான் நடுவில் நிற்கிறது.

தாய்மாரே, தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றிச் சாபம் விடுவது நம் ஊர்களில் உண்டு. அதே கை சாயங்காலம் செபமாலை உருட்டுகிறது. அந்தச் சாபத்தைக் கேட்டபடி ஓரமாக நின்ற பிள்ளை, நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அதே வார்த்தையைச் சொல்லும்.

இப்போது பாவசங்கீர்த்தனம் தொடங்கப் போகிறது. குருக்கள் காத்திருக்கிறார்கள். வரிசையில் நிற்கும் முன் வெளியே போய், நீங்கள் பேசாமல் இருக்கும் அந்த ஒருவருக்குப் போன் போடுங்கள். பழைய கதையை இழுக்க வேண்டாம். "அண்ணே, நான்தான் பேசுறேன், நல்லாருக்கீங்களா" என்று கேட்டால் போதும். எடுக்காவிட்டால் நாளைக்கும் போடுங்கள்.