மூப்பும் உடன்பிறப்பும்

மனிதன் தன் நட்பைத் தேர்ந்து கொள்ளலாம். தொழிலைத் தேர்ந்து கொள்ளலாம். உடன்பிறந்தாரைத் தேர்ந்து கொள்ளுதல் இயலாது. அவருள் மூத்தவனாகப் பிறப்பதும் இளையவனாகப் பிறப்பதும் அவன் விருப்பின்பாற் பட்டனவல்ல. எனினும், தேர்ந்து கொள்ளாத அவ்வரிசையை அடிப்படையாகக் கொண்டே சொத்தும் மதிப்பும் சுமையும் பல சமுதாயங்களிலே பங்கிடப்பட்டு வந்துள்ளன. பிறப்பின் வரிசை உரிமைக்குக் காரணமாதல் அறமாகுமா? ஒரு வயிற்றிற் பிறத்தல் ஒன்றே இருவரை உடன்பிறப்பாக்கப் போதுமா? இவ்விரு வினாக்களையும் தொடக்கம் முதல் இறுதி வரை விடாது பற்றி நிற்கும் பழம்பெரும் நூல்களுள் ஒன்று எபிரேய மறையின் முதனூலாகிய ஆதியாகமம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்நூல் புதியதன்று. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டிற் குடாநாட்டிற் பணி தொடங்கினர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் தலைமையில் உருவான வேதாகம மொழிபெயர்ப்புக்கு நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879) தம் இளமைப் பருவத்திலே துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. 1854இல் வெளியான சைவதூஷண பரிகாரத்தில், எபிரேய மறை கூறும் ஆலயக் கிரியைகளைச் சைவக் கிரியைகளோடு அவரே ஒப்பிட்டுக் காட்டினார். ஆகவே இம்மண்ணில் அம்மறை கிறித்தவர்க்கு மட்டும் உரிய வாசிப்பாக இருந்ததில்லை. சைவரும் கற்று வாதிட்ட நூல் அது.

யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஆதியாகமத்தின் குடும்பச் செய்திகள் பல விளக்கம் வேண்டாதவை. யாக்கோபு தன் அம்மானாகிய லாபானின் வீடு சென்று அம்மான் மகளையே மணக்கிறான். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது தம்மூர் வழக்கமன்று என லாபான் கூறும் நியாயமும் இங்குப் பழகிய குரலே. அந்நியமாகத் தோன்றுவது மொழியின் ஓர் இயல்பு. எபிரேயத்தில் அண்ணனுக்கும் தம்பிக்கும் பொதுவாக ‘ஆக்’ என்னும் ஒரே சொல் வழங்குகிறது. தமிழிலோ சகோதரன், உடன்பிறந்தான் என்னும் பொதுச்சொற்கள் ஏட்டில் உளவேயன்றி வீட்டில் வழங்குவதில்லை. வீட்டில் ஒருவன் அண்ணனாகவோ தம்பியாகவோதான் இருக்க முடியும். வாய் திறந்து அழைக்கும்போதே வரிசையும் உடன் வந்துவிடுகிறது.

காயீன் ஆபேலைக் கொன்ற கதையில் அந்த ‘ஆக்’ என்னும் சொல் ஏழுமுறை வருகிறது. உறவை மீண்டும் மீண்டும் நினைவூட்டும் அச்சொல் வரிசையைக் கூறுவதில்லை. தமிழ்ச் செவியிலோ அக்கதை வேறொரு கூர்மை பெறுகிறது. காயீன் மூத்தவன். உடன்பிறந்தவனுக்குத் தான் காவலனோ என அவன் கேட்கும் வினா, தம்பிக்குக் காவலனோ என அண்ணன் கேட்கும் வினாவாக ஒலிக்கிறது. தம்பியைக் காத்தல் என்பதே அண்ணன் என்ற சொல்லின் பொருளெனக் கொள்ளும் சமுதாயத்தில் அவ்வினா தன் பெயரைத் தானே மறுப்பதற்கு ஒப்பானது.

இனி, பிறப்புக் கதைகளை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை வரிசையை நிலைநாட்ட எழுந்தவையல்ல. அதனை ஐயுறவே எழுந்தவை. தாமார் இரட்டையரைப் பெறுகையில் முதலில் ஒரு கை வெளிப்படுகிறது. மருத்துவச்சி அதிற் சிவப்பு நூலைக் கட்டுகிறாள். அக்கை உள்ளே மறைய, மற்றவன் முந்திப் பிறக்கிறான். ரெபெக்காளின் இரட்டையரோ கருவிலேயே மோதுகின்றனர். இளையவன் மூத்தவனின் குதிகாலைப் பற்றியவாறே பிறக்கிறான். மூத்தவன் என்னும் தகுதி கணப்பொழுதில் அமைவது; அதனை ஒரு நூல்கொண்டு கட்டி நிறுத்தவும் இயலாது என்பது இக்கதைகளின் குறிப்பு. பின்னர் ஏசா, பசியின் பொருட்டுத் தன் மூத்தவனுரிமையைப் பயற்றங்கூழுக்கு விற்கிறான். எபிரேயத்தில் அவ்வுரிமையைக் குறிக்கும் ‘பெகோரா’ என்ற சொல்லும் ஆசியைக் குறிக்கும் ‘பெராகா’ என்ற சொல்லும் ஒரே எழுத்துக்களால் ஆயவை. ஈரெழுத்துக்களின் இடம் மட்டும் மாறியுள்ளது.

அவ்விரட்டையர் பிறக்குமுன் ரெபெக்காள் பெற்ற தெய்வ வாக்கு இங்கு ஆராயத்தக்கது. மூத்தவன் இளையவனுக்குப் பணிவான் என்பது அதற்கு வழங்கும் பொருள். ஆயின் மூலத்தில் யார் யாரைப் பணிவர் எனத் தெளிவிக்கும் உருபு இல்லை. இளையவன் மூத்தவனுக்குப் பணிவான் எனவும் கொள்ள அது இடந்தருகிறது. தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இது வியப்பன்று. ‘புலிகொல் யானை’ என்பதிற் கொன்றது எது, கொல்லப்பட்டது எது என்பது தடுமாறும். தொல்காப்பியர் இதனைத் தடுமாறு தொழிற்பெயர் எனக் குறித்தார். தமிழில் உருபை விரித்து எழுதும் மொழிபெயர்ப்பாளன் இரண்டிலொன்றைத் தேர்ந்தேயாக வேண்டும். ரெபெக்காளும் ஒன்றையே தேர்ந்தாள். தான் விரும்பிய மகனுக்கு ஏற்றதைத் தேர்ந்தாள். விதி என மனிதர் கூறுவதிற் பெரும்பகுதி, தடுமாறும் வாக்கியத்துக்குத் தம் விருப்பத்தால் இட்ட உருபேயாகும்.

அவ்விருப்பத்தின் விலையை நூல் மறைக்கவில்லை. ஆட்டுத்தோல் போர்த்துப் பார்வையிழந்த தந்தையை ஏமாற்றிய யாக்கோபு, பின்னர் இளையவள் எனக் கருதி மூத்தவளை மணந்து ஏமாறுகிறான். முதுமையில், ஆட்டுக்கடாவின் இரத்தந் தோய்ந்த அங்கியைக் காட்டித் தன் புதல்வரே தன்னை வஞ்சிக்கக் காண்கிறான். இளையவன் தெரிந்தெடுக்கப்பட்டான் என்பதனால் அவன் வஞ்சம் அறமாகிவிடவில்லை.

தமிழ் மரபும் இவ்வினாவை அறியாததன்று. ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் பாடிய புறநானூற்றுப் பாடல், தாயின் மனமும் கற்ற மகன்பாற் சாயும் என்றும், அரசும் மூத்தவனை விடுத்து அறிவுடையோன் வழிச் செல்லும் என்றும் கூறுகிறது. சாய்வு அங்கும் உண்டு. ஆயின் அதற்குக் கல்வி காரணமாகிறது. இளங்கோவடிகள் பற்றிய மரபு இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. அரசு இளையவனுக்கே என நிமித்திகன் கூறக் கேட்டவர், தமையனின் உள்ளம் நோகாதிருக்கத் துறவு பூண்டார். வாக்கு ஒன்றே, யாக்கோபு அதனைக் கைப்பற்றினான், இளங்கோ அதனைக் கைவிட்டார்.

சட்டம் இச்சாய்வைக் கட்டுப்படுத்த முயல்கிறது. வெறுக்கப்பட்ட மனைவியின் மகனாயினும் மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு உரியது; தந்தையின் அன்பு அதனை மாற்றலாகாது என்கிறது உபாகமம். 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்தளித்த தேசவழமையோ மூத்தவனுக்கு இரட்டைப் பங்கு வகுக்கவில்லை. அது குறிக்கும் பழைய முறைப்படி முதுசம் ஆண்மக்களுக்கும், சீதனம் பெண்மக்களுக்கும், தேடிய தேட்டம் இருபாலார்க்கும் சென்றது. மணமாகாத மகனின் உழைப்பும் பொதுச் சொத்திற் சேர்ந்தது. ஆகவே யாழ்ப்பாணத்து மூத்தவனுக்கு மிகுதியாகக் கிடைத்தது பங்கன்று, பொறுப்பே. தங்கையர்க்குச் சீதனம் தேடி முடிக்கும்வரை தன் மணத்தைத் தள்ளிவைத்த தமையன்மாரும், 1983இன் பின் அந்நிய நாடு சென்று இரவும் பகலும் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பியோரும், தம்பியரைப் படிக்கவைத்துத் தாம் கன்னியராகவே முதிர்ந்த தமக்கையரும் இம்மண்ணின் எழுதப்படாத வரலாறாவர். மறுபுறம், சமபங்கு பெற்ற பின்னும் வேலிக்காகவும் பங்குக் கிணற்றுக்காகவும் நீதிமன்றம் ஏறிய சகோதரர்க்கும் குறைவில்லை. சட்டம் பங்கை வகுக்கலாம். உடன்பிறப்பை உண்டாக்க அதனால் இயலாது.

அதனை உண்டாக்குவது எது? ஆதியாகமம் அதற்கு யோசேப்பின் கதையில் விடை தருகிறது. பஞ்சத்தினால் மீண்டும் எகிப்து செல்லப் பென்யமீனையும் அழைத்துச் செல்லவேண்டிய நிலை. மூத்தவனாகிய ரூபன், பென்யமீனைத் திரும்பக் கொணராவிடில் தன் இரு புதல்வரைக் கொல்லலாம் எனத் தந்தைக்கு வாக்களிக்கிறான். தந்தை அதனை ஏற்கவில்லை. நான்காம் மகனாகிய யூதா தன்னையே பிணை வைக்கிறான், தந்தை இணங்குகிறான். மூத்தவன் பிறர் உயிரை வைத்தான். யூதா தன்னை வைத்தான். ஒருகால் யோசேப்பை விற்கும் யோசனையைக் கூறியவனும் இந்த யூதாவே. தந்தையின் ஓரவஞ்சனை அன்றும் மாறவில்லை. அவன் உயிர் இளையவனிடமே ஒட்டியிருந்தது. அதனை அறிந்தும் யூதா பொறாமை கொள்ளாது, இளையவனுக்குப் பதில் தான் அடிமையாக முன்வருகிறான். காயீனின் வினாவுக்கு விடை அவ்விடத்திலேதான் கிடைக்கிறது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. யூதா தானே முன்வந்தான். எவரும் அவனைப் பணிக்கவில்லை. யாழ்ப்பாணத்து மூத்த பிள்ளையின் தியாகமோ பெரும்பாலும் அவன் கேட்கப்படாமலே, அவள் கேட்கப்படாமலே, குடும்பத்தால் நிச்சயிக்கப்பட்டது. சுமத்தப்பட்ட சுமையைத் தியாகமெனப் புகழ்தல் எளிது; அதனைப் பகிர்தல் அரிது. மூத்தவர் இளையவரைக் காத்தல் அறமாயின், காக்கப்பட்ட இளையவர் அக்கடனை உணர்ந்து தோள் கொடுத்தலும் அவ்வறத்தின் மறுபாதியாகும். மூப்பு பிறப்பினால் வருவது. உடன்பிறப்போ ஒருவர்க்கு ஒருவர் பிணையாகும்போதே பிறக்கிறது.