கொம்பும் சாக்சபோனும்

தென்னமெரிக்காவின் பெரு நாட்டிலே, ஆண்டிஸ் மலைத்தொடரின் நடுவே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் மந்தாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு அமைந்துள்ளது. அங்கே வாத்தியக் குழு இன்றி ஊர்த் திருவிழா நடவாது. சாக்சபோன்கள் வரிசையாக முழங்கும்; கிளாரினெட்டும் வயலினும் இழையும்; ஹார்ப் என்னும் பெருயாழ் தாளத்தைத் தாங்கும். ஊர்வலத்தில் அப்பெருயாழைத் தலைகீழாகத் தோளிற் சாய்த்து மீட்டிச் செல்வோரும் உளர்!

இவ்விசையைத் தம் முன்னோர் வழிவந்த இசையென்றே அம்மக்கள் போற்றுகின்றனர். ஆனால், அக்கருவிகளுள் ஒன்றேனும் அம்மண்ணிற் பிறந்ததன்று. வயலினும் ஹார்ப்பும் ஸ்பானியரோடு வந்தவை. கிளாரினெட் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேர்ந்தது. சாக்சபோனோ, அடால்ப் சாக்ஸ் என்பார் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற கருவி. 1940களில்தான் இக்குழுவில் வேரூன்றியது. பிறர் தந்த கருவியில் எழும் இசை நம்முடையது ஆகுமா?

ஆகாது என்றனர் மரபுத் தூய்மையை வற்புறுத்தியோர். அவர்தம் கூற்றை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. கேனா என்னும் நாணற்குழலின் மெல்லொலி புதிய கருவிகளின் முழக்கத்திற்கு ஈடுகொடுக்க இயலாமற் குழுவிலிருந்து மறைந்தது. இழப்பை இழப்பென்றே சொல்லுதல் வேண்டும்.

எனினும், அவர்தம் வாதம் ஓரிடத்தில் இடறுகின்றது. ஜூலை 25ஆம் நாளையொட்டி வரும் சந்தியாகு விழாவில் கால்நடைகளுக்கு அடையாளமிடும் சடங்கொன்று உண்டு. அப்போது திஞ்யா என்னும் சிறுபறையோடும் வயலினோடும் வக்ராபுக்கு என்னும் ஊதுகொம்பு ஒலிக்கும். மிகப் பழமையானதென்று எவரும் எண்ணத்தக்க கருவி அது. மாட்டுக் கொம்பின் துண்டுகளைச் சுருளாகப் பொருத்தி அதனைச் செய்கின்றனர். மாடோ, 1532இல் ஸ்பானியர் படையெடுத்து வரும்வரை அம்மலைகள் கண்டிராத விலங்கு! வந்தேறியின் தலையில் முளைத்த கொம்பே மரபின் சின்னமாயிற்றென்றால், தூய்மைக்கு எந்த ஆண்டில் வேலி கட்டுவது? (வந்தேறி என்னும் சொல்லை நான் விரும்புவதில்லை, இங்கு மாட்டைக் குறித்தே ஆண்டேன்.)

பிறப்பிடத்தை வினவுவதைவிட, தேர்ந்தவர் யார் என்று வினவுதலே பொருத்தமுடையது. மந்தாரோ உழவர் பெரும்பண்ணையார்க்கு அடிமைப்படாது தம் நிலத்தைத் தாமே காத்துவந்தவர்கள். 1908இல் வான்காயோ நகருக்கு இருப்புப்பாதை வந்தது; சுரங்க வேலையாற் கையிற் காசும் புழங்கியது. அக்காசில் தாமே விரும்பிச் சாக்சபோன் வாங்கினர். வாங்கிய பின் அதனைத் தம் வழிக்கு வளைத்தனர். வயல்வேலையோடு பிறந்த வைலார்ஷ் ஆடலுக்கும் வைனோ மெட்டுக்கும் அது பணிசெய்கின்றது. புதுமையை ஏற்றும் தம்மை இழவாத மக்களென இப்பள்ளத்தாக்கினரை எழுத்தாளர் ஹோசே மரியா அர்கேதாஸ் (1911-1969) மதித்ததும் இதனாலேயே.

ஆயினும், ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு ஓர் ஐயம் எஞ்சுகின்றது. இன்று அங்கே சாக்சபோனை நாடும் சிறுவன் தன் விருப்பப்படியே தேர்கின்றான். அவ்வுரிமையை யாரும் மறுத்தற்கில்லை. ஆனால், தேர்வதற்கு முன் கேனாவின் ஒலியை ஒருமுறையேனும் அவன் செவியில் விழச் செய்தவர் உண்டா?