ரத்தத்தில் ஊறியதா?

எம்.ஏ. தமிழ் படித்தபோது கல்லூரிக் கலைவிழாவில் நாங்கள் நாலைந்து பேர் தப்படித்தோம். முடிந்ததும் பேராசிரியர் ஒருவர் தோளில் தட்டி, "உங்களுக்கென்னப்பா, ரத்தத்துலயே ஊறினதாச்சே" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். நாங்களும் பல்லைக் காட்டிவிட்டு வந்தோம். அடுத்து ஒரு மாணவி கீர்த்தனை பாடினார். யாரிடமும் பாடம் கேட்காமல், வீட்டில் கேட்டுக் கேட்டே பழகியவராம். அதற்கு அதே பேராசிரியர் வைத்த பேர் 'கேள்வி ஞானம்'.

இரண்டு தரப்பும் காதால் கற்றதுதான். அவருடையது ஞானம், எங்களுடையது ரத்தம். எப்படி?

நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். அய்யா என்னைக் குச்சியைத் தொடவே விட்டதில்லை. "தொட்டா கைய ஒடிச்சுப்புருவேன். போயிப் படி" என்பார். அவருக்குத் தெரியாமல் சித்தப்பா பின்னால் திரிந்தேன். சித்தப்பாவும் ஒருநாளாவது 'இப்படி அடி' என்று சொன்னதில்லை. வைக்கோலைக் கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார், விரலால் சுண்டுவார். எந்தச் சத்தம் வந்ததும் நெருப்பை விட்டு எடுக்கிறார் என்று கவனித்துத்தான் தோலின் பதம் எனக்குப் பிடிபட்டது. அப்புறம் வரிசையில் கடைசியாக நிற்க விட்டார். அடியை முதலில் வாயால் சொல்லிப் பார்ப்பேன், பிறகு தொடையில், பிறகு தகர டப்பாவில். தப்பாக விழுந்தால் திட்டமாட்டார். என் காதுப் பக்கம் வந்து அதே அடியை இன்னொரு தரம் அடிப்பார், அவ்வளவுதான். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி. அந்த வித்தியாசம் என் கைக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருஷமும் ரத்தம் என்ன செய்துகொண்டிருந்தது?

பார்த்துச் செய்வதை வெறும் காப்பி என்பார்கள். நாலு பேர் சேர்ந்து அடிக்கையில் எது அடிப்படை, எது அவரவர் சேர்த்த சேட்டை என்று பிரித்தறியாமல் காப்பியடிக்கவே முடியாது. பிரித்தறிவதற்குப் பேர் அறிவு. மிருதங்கம் செய்பவர்களில் பலர் தலித் கிறித்தவர்கள். அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் ஒரு புத்தகமே எழுதினார். தோலைச் சுருதிக்குக் கொண்டுவருவது அவர்கள் காது. ஆனால் அந்தக் காதை யாரும் ஞானம் என்பதில்லை, கைவேலை என்கிறார்கள்.

ரத்தம் என்ற பேச்சில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ரத்தத்தில் இருப்பதற்குக் கூலி எதற்கு? ரத்தத்தில் இருப்பதை 'இன்னைக்கு வரமாட்டேன்' என்று எப்படி மறுப்பது? சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே தட்டுத்தட்டாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் காட்டினார். பிறப்பே தொழில் என்ற அந்தக் கணக்கைத்தான் இந்தப் பாராட்டும் போடுகிறது. வருத்தம் என்னவென்றால், நம் தோழர்களே மேடையில் 'பறை எங்கள் ரத்தம்' என்று முழங்குகிறார்கள். பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதை அவர் உழைப்புக்கான மரியாதை என்று சொல்வோம், பிறப்புக்கானது என்று சொல்ல வேண்டாம்.

பார்த்துக் கற்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒருமுறை ஊர்த்தெருவில் ஒரு சாவு. கூலி வாங்கும்போது சித்தப்பா துண்டை இடுப்பில் கட்டிக் குனிந்து நின்றார். நானும் என்னை அறியாமல் அப்படியே நின்றேன். திரும்பி வரும் வழியில் அவர் கேட்டார்: "ஏண்டா, என் கையப் பாத்துப் படிச்ச, சரி. முதுக எதுக்குடா பாத்த?"

அவர் வாய் திறந்து சொன்ன ஒரே பாடம் அது. அடியும் குனிவும் ஒரே வழியில்தான் வந்து சேர்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவெடுக்காமல் கற்றுக்கொண்டால் அடிமைத்தனமும் கலையோடு சேர்ந்தே கைக்கு வந்துவிடும்.

இன்று பயிற்சி முகாம்களில் பெண்கள் தப்படிக்கிறார்கள். பிற சாதி மாணவர்களும் வருகிறார்கள். அவர்களுக்கும் பார்த்துத்தான் வருகிறது, எனக்கு ஆன அதே காலம்தான் ஆகிறது. பிறக்காதவனுக்கு வராது என்பது பொய். அப்படியானால் பிறந்தவனுக்கு வந்தே ஆகணும் என்பதும் பொய்தான். எங்க அண்ணன் மகனுக்குத் தப்பில் நாட்டமில்லை, கணக்கில்தான் நாட்டம். 'நம்ம கலைடா' என்று குச்சியை அவன் கையில் திணிக்கப் போனேன். அய்யாவின் குரல் காதில் கேட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டேன்.