வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை யார் பொறுப்பு?



முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த வழியாகக் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கத் தொடங்கியது 1895-ஆம் ஆண்டில். அது நம் வயல்களை நனைத்துவிட்டு, 1959-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வைகை அணையில் போய்ச் சேருகிறது. தண்ணீர் இறங்கி வரும் அந்த மலைக்குத்தான் நம் ஊர்ப் பெண்கள் கூலிக்கு ஏறிப் போகிறார்கள். சுபுஹுத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வருகிறவர்கள் அவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் தூக்குவாளியோடு கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் ஜீப்புக்காக நிற்பார்கள். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போய், காய் எடுத்து, களை வெட்டி, பொழுது சாயும் வேளையில் திரும்புவார்கள். கீழே பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டத்திற்கும் நடவுக்கும் போகிறவர்கள் உண்டு. தேனி, ஆண்டிபட்டிப் பக்கம் நூற்பாலைக்குப் போகிறவர்களும் உண்டு. அவர்களில் நம் சமுதாயத்துப் பெண்களும் இருக்கிறார்கள்.

அவர்கள் ஜீப்பில் ஏறிய பிறகு அவர்களுடைய கைக்குழந்தை எங்கே இருக்கிறது?

பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டியிடம் இருக்கிறது. பாட்டியும் கூலிக்குப் போகும் வீட்டில் எட்டு வயது அக்காளின் இடுப்பில் இருக்கிறது. அந்த அக்காள் பள்ளிக்கூடம் போவதில்லை. மூஸா (அலை) அவர்களை ஆற்றில் விட்டபோது, அவர்களுடைய சகோதரி பேழையைப் பின்தொடர்ந்து போய்க் காவல் நின்ற வரலாற்றைத் திருமறை 28-ஆம் அத்தியாயத்தில் எடுத்துரைக்கிறது. மெச்சத்தக்க சகோதரிதான். ஆனால், அவர் நின்றது ஓர் ஆபத்தான வேளையின் காவல். நாமோ நம் பெண்மக்களை ஆண்டுக்கணக்கில் அந்தக் காவலில் நிறுத்தி, அவர்களின் ஓதலையும் படிப்பையும் பறித்துக்கொள்கிறோம். அக்காளும் இல்லாத வீட்டில், "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு சொல்லோடு பிள்ளை பக்கத்து வீட்டுத் திண்ணையில் விடப்படுகிறது. வாய்க்காலும் கிணறும் பக்கத்திலேயே இருக்கும் ஊர்கள் இவை.

"பெண் வேலைக்குப் போவதனால்தானே இந்தத் தொல்லை? வீட்டில் இருந்தால் தீர்ந்தது" என்று சொல்வோர் நம்மில் பலர். மனைவிக்கும் மக்களுக்கும் உணவும் உடையும் தருவது கணவனின் கடமை என்பதில் ஐயமில்லை. ஆனால், கணவன் மவுத்தானவள் என்ன செய்வாள்? தலாக் சொல்லப்பட்டவள்? நோயாளியின் மனைவி? ஒருவர் கூலியில் அரிசிக்கும் வாடகைக்கும் எட்டாத வீட்டுக்காரி? அவளை வீட்டில் இருக்கச் சொல்லுகின்றவர், அவள் வீட்டு அடுப்பை எரியச் செய்யவும் பொறுப்பேற்க வேண்டும். அதைச் செய்யாமல் வாயால் மட்டும் சொல்வது எளிது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்துப் பெண்மணிகளைப் பாருங்கள். தலாக் சொல்லப்பட்டு இத்தாவில் இருந்த ஜாபிர் (ரலி) அவர்களின் சிறிய தாயார் பேரீச்ச மரங்களில் கனி பறிக்கப் போக விரும்பினார்கள். ஒருவர் தடுத்தார். அவர்களோ நாயகத்திடம் சென்று முறையிட, போய்ப் பறிக்குமாறு அனுமதி கிடைத்தது. ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மா (ரலி) அவர்கள் தம் கணவரின் நிலத்திலிருந்து பேரீச்சங் கொட்டைகளைத் தலையில் சுமந்து வந்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மனைவியார் ஜைனப் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கணவருக்கும், தம் பராமரிப்பிலிருந்த அனாதைகளுக்கும் செலவிட்டார்கள். அதற்கு இரட்டை நன்மை என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளினார்கள். கனி பறிக்கப் போனவருக்கும் காய் எடுக்கப் போகிறவளுக்கும் என்ன வேற்றுமை என்று எனக்குத் தெரியவில்லை. தாய் வேலைக்குப் போனது சரியா தவறா என்று நாம் விவாதித்துக்கொண்டே இருக்கலாம். பிள்ளை அதற்குள் பசியெடுத்து அழுதுவிடும்.

திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233-ஆவது வசனத்தை நாம் பால்குடிச் சட்டம் என்று மட்டும் ஓதிவிட்டுப் போகிறோம். நிதானமாகப் பொருள் உணர்ந்து ஓதிப் பாருங்கள். தாய் இரண்டாண்டுகள் பாலூட்டுவதைச் சொன்ன கையோடு, அவளுக்கு உணவும் உடையும் அளிக்கும் பொறுப்பைத் தந்தை மீது சுமத்துகிறது. பிள்ளையை முன்னிட்டுத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தந்தையும் துன்புறுத்தப்படக் கூடாது என்கிறது. தந்தை இல்லாவிட்டால் வாரிசுதாரர் மீது அந்தக் கடமை உண்டு என்கிறது. பால் மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்து பேசி, மனமொத்துச் செய்யச் சொல்கிறது. இறுதியில், பிள்ளையை வேறொருவரிடம் பாலூட்டக் கொடுக்க நாடினால் அதில் குற்றமில்லை, ஆனால் பேசிய கூலியை முறையாகக் கொடுத்துவிட வேண்டும் என்கிறது. 65-ஆவது அத்தியாயத்திலும், தலாக் சொல்லப்பட்ட மனைவி உங்கள் பிள்ளைக்குப் பாலூட்டினால் அவளுக்குரிய கூலியைக் கொடுங்கள் என்ற கட்டளை வருகிறது. ஆக, பிள்ளை வளர்ப்பது கூலிக்குரிய உழைப்பு என்று அல்லாஹுத்தஆலா பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஏற்றிருக்கிறான். நாமோ அதைப் பெண்கள் சும்மா செய்கிற காரியம் என்று இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

இந்தக் கூலி விஷயத்தில் நம் உள்ளத்தைத் தொட வேண்டிய வரலாறு ஒன்று உண்டு. பனூ ஸஅது கூட்டத்துப் பெண்கள் பால்குடிக் குழந்தைகளைத் தேடி மக்காவுக்கு வந்தார்கள். பிள்ளையின் தகப்பனார் தரும் பொருள்தான் அவர்களுக்கு வருமானம். ஒரு குழந்தைக்குத் தகப்பனார் இல்லை. பாட்டனாரும் தாயும் என்ன தந்துவிடப் போகிறார்கள் என்று எண்ணி, ஒவ்வொருத்தியாக அக்குழந்தையை விட்டு விலகிப் போனார்கள். வேறு குழந்தை கிடைக்காமல், வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் எடுத்துக்கொண்டவர் அன்னை ஹலீமா (ரலி) அவர்கள். கூலி கிடைக்காதோ என்ற அச்சத்தில் கைவிடப்படவிருந்த அந்தக் குழந்தை யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆயாவும், இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத் திண்ணையும் என்று நாம் விட்டுவைத்திருக்கும்போது இந்த வரலாறு நம் நினைவுக்கு வர வேண்டாமா?

கலீபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், பால் மறந்த பிள்ளைகளுக்கே பைத்துல்மாலிலிருந்து உதவித்தொகை என்ற விதி முதலில் இருந்தது. ஓரிரவு, மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாருக்கு அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு சேர்ந்து கலீபா தாமே காவல் இருந்தார்கள். ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. இரண்டு மூன்று முறை போய்த் தாயை அமர்த்தச் சொன்னார்கள். பேசுபவர் யாரென்று அறியாத அத்தாய், பால் மறந்த பிள்ளைக்குத்தான் உமர் பணம் தருகிறாராம், அதனால் முன்கூட்டியே மறக்கடிக்கிறேன் என்றாள். அன்று பஜ்ருத் தொழுகையில் அழுகையினால் கலீபாவின் ஓதல் பின்னால் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. தொழுகை முடிந்ததும், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு, யாரும் அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்க வேண்டாம் என்று பறைசாற்றச் செய்தார்கள்.

கவனியுங்கள். உமர் (ரலி) அவர்கள் அந்தத் தாயைக் கடிந்துகொள்ளவில்லை, விதியை மாற்றினார்கள்.

நம் நாட்டு விதிகளிலும் நல்லவை இருந்தன. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 1976-இல் திருத்தப்பட்ட பிறகு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. 1981-இல் அதனுடன், பெண்கள் எண்ணிக்கை குறைந்தாலும் பிள்ளைகள் இருபது பேர் இருந்தால் போதும் என்று சேர்த்தார்கள். 2017-இல் வந்த மகப்பேற்றுச் சட்டத் திருத்தம், ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த இடத்திலும் காப்பகம் வேண்டும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றது. நல்ல சட்டங்கள்தாம். ஆனால், பத்து ஏக்கர் ஏலத் தோட்டத்தில் ஐம்பது பேர் ஏது? இன்று ஒரு தோட்டம், நாளை ஒரு தோட்டம் என்று போகிறவளை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? காப்பகமே இருந்தாலும், நெருக்கியடித்துப் போகும் ஜீப்பில் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் ஏறுவாள்? ஆகவே காப்பகம் வேண்டியது மலை மேல் அல்ல, ஜீப் புறப்படும் ஊரில்.

ஊரில் அங்கன்வாடி இருக்கிறதே என்பீர்கள். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அவர்கள் தொடங்கிய சத்துணவுத் திட்டமும் எத்தனையோ ஏழைப் பிள்ளைகளின் பசியைத் தீர்த்தன. நன்றியோடு நினைக்க வேண்டியவை. ஆயினும், அங்கன்வாடி திறப்பதற்கு வெகு நேரம் முன்பே ஜீப் போய்விடுகிறது. தாய் திரும்புவதற்கு முன்பே அது பூட்டப்படுகிறது. அங்கே வந்து உட்கார்ந்து படிப்பதும் உண்பதும் இரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகள். ஆறு மாதக் குழந்தைக்குத் தொட்டில் அங்கே பெரும்பாலும் இல்லை.

எஞ்சிய அந்த நேரத்திற்கும் அந்த வயதுக்கும் மஹல்லா ஜமாஅத் பொறுப்பேற்கலாம் என்பதே என் விண்ணப்பம். நம் மதரஸாக்களில் காலையும் மாலையும் ஓதல் நடக்கிறது. நடுப்பகல் முழுவதும் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஓர் அறையைச் சுத்தம் செய்து, விட்டத்தில் நான்கு தூளி கட்டி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரும் கஞ்சியும் பாலும் வைத்துக்கொண்டால் தொடங்கிவிடலாம். காலையில் ஓதும் பிள்ளைகளுக்கு இடையூறு வராமலிருக்க அது தனி அறையாக இருப்பது நல்லது. சுபுஹுக்குப் பின் திறந்து மஃரிபு வரை நடக்க வேண்டும் என்பதால் இரண்டு பெண்கள் முறை மாற்றி இருக்க வேண்டும். ஒருத்தியிடம் இருபது கைக்குழந்தைகளை ஒப்படைப்பது காப்பகம் ஆகாது. தவழும் பிள்ளைகள் ஐந்தாறு பேரே ஒருத்திக்குப் போதும் என்பது என் எண்ணம். மூன்று பிள்ளைகளை வளர்த்த எந்தத் தாயும் இதை ஒப்புக்கொள்வாள்.

செலவைப் பற்றி மார்க்கச் சட்டம் அறிந்து செய்ய வேண்டும். நம் பகுதியில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனபி மத்ஹபின்படி ஜகாத்துப் பொருளை உரியவரின் உடைமையாக ஆக்கிக் கொடுக்க வேண்டும். அதை எடுத்து அறை கட்டவோ ஆயாவுக்குச் சம்பளம் கொடுக்கவோ கூடாது. ஜகாத் பெறத் தகுதியுள்ள தாயின் கையில் கொடுத்து, அவள் விரும்பிக் கட்டணம் செலுத்தினால் தடையில்லை. அறைக்கும் சம்பளத்திற்கும் ஸதக்காவும் நன்கொடையும் இருக்கின்றன. ஸதக்காவில் நடப்பதனால் அண்டை வீட்டு ஹிந்துச் சகோதரியின் பிள்ளையையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஜீப்பில் போகும் இரு தாய்மாரில் ஒருத்தியின் பிள்ளையை மட்டும் எடுத்துக்கொள்வது அண்டை வீட்டார் ஹக்குக்குப் பொருந்துமா?

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிள்ளை அழுகிறதே என்று ஆயா தன் பாலை ஊட்டிவிடக் கூடாது. ஹனபி மத்ஹபில் பால்குடிப் பருவத்தில் ஒரு முறை குடித்தாலே பால் உறவு உண்டாகிவிடும். ஷாபிஈ மத்ஹபில் ஐந்து முறை. பின்னாளில் திருமணப் பேச்சு வரும்போது குழப்பம் நேரும். தவிர்க்க முடியாமல் ஊட்ட நேர்ந்தால் இரு வீட்டாருக்கும் சொல்லி, நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

இவையெல்லாம் பெண்கள் பாடு என்று ஆண்கள் ஒதுங்க வேண்டாம். நாயகம் (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள். ஸுஜூது செய்யும்போது இறக்கிவிட்டு, எழும்போது தூக்கிக்கொண்டார்கள். பின்னாலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டால் தாயின் மனம் பதறுமே என்று தொழுகையையே சுருக்கினார்கள். நாமோ பள்ளியில் ஒரு குழந்தை சிணுங்கினால் திரும்பி முறைக்கிறோம். தாய் வரும் வரை பிள்ளையை அழைத்து வந்து வைத்துக்கொள்வது தகப்பன் செய்யக் கூடிய வேலைதான்.

ஆயாவின் சம்பளத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். "நன்மைக்காகச் செய்யட்டும்" என்று ஏழைப் பெண்ணிடம் இலவச உழைப்பு கேட்பது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். பேசியதைக் கொடுங்கள் என்பது திருமறையின் கட்டளை. காய் எடுப்பு ஓய்ந்த மாதங்களில் ஜீப் குறையும், தாய்மாருக்குக் கட்டணம் கட்ட இயலாது. ஆயாவின் வீட்டு அடுப்போ அந்த மாதங்களிலும் எரிய வேண்டும். ஆகவே, வேலை மும்முரமாக இருக்கும் காலத்திலேயே அந்த மாதங்களின் சம்பளத்தை முத்தவல்லி தனியே எடுத்து வைத்துவிட வேண்டும்.