கோரஸ் மட்டும் தெரிந்தவர்கள்

2002 ஏப்ரலில் பிங்க் ஃபிளாய்ட் ராக் குழுவின் முன்னாள் பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் பெங்களூருவின் பேலஸ் கிரவுண்ட்ஸில் பாடினார். அந்தச் சுற்றுப்பயணத்தின் நிகழ்ச்சிகள் 'இன் தி ஃப்ளெஷ்' என்ற பாட்டில் தொடங்கும். 1979-இல் பிங்க் ஃபிளாய்ட் வெளியிட்ட 'தி வால்' தொகுப்பில் அந்தப் பாட்டுக்கு ஒரு கதை உண்டு. புகழின் உச்சியில் புத்தி பேதலித்த ராக் பாடகன் ஒருவன் தன்னைச் சர்வாதிகாரியாக நினைத்துக்கொண்டு மேடையேறுகிறான். கூட்டத்தில் யூதர் யார், கறுப்பர் யார், ஒருபாலின ஈர்ப்பினர் யார் என்று ஆள்காட்டி, தீர்த்துக்கட்ட வேண்டும் என்கிறான். பாட்டின் குறி அந்தப் பைத்தியக்காரன் மட்டுமல்ல. என்ன சொல்கிறான் என்று கேளாமலே அவனுக்கு ஆர்ப்பரிக்கும் கூட்டமும்தான்.

அது எந்த ஏப்ரல் என்பதும் முக்கியம். மதம் பார்த்து ஆட்களைக் கொன்ற குஜராத் கலவரம் பிப்ரவரி இறுதியில் வெடித்து, அப்போதும் முழுக்க ஓயவில்லை. இந்திய நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லையில் குவிக்கப்பட்ட இந்திய, பாகிஸ்தான் படைகள் எதிரெதிரே நின்றன. வாட்டர்ஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே, 1944-இல், இத்தாலியின் அன்சியோ போர்முனையில் தந்தையை இழந்தவர். அவருடைய பாட்டில் போர் வெறும் அலங்காரமல்ல. அந்தப் பாட்டுக்குக் கையை உயர்த்தி ஆடிவிட்டு, அதன் பொருளைப் பற்றி ஒரு கணமும் யோசிக்காமல் வீடு திரும்புகிறவர் ஏதாவது தவறு செய்கிறாரா?

இல்லை என்று சொல்ல நல்ல காரணங்கள் இருக்கின்றன. கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் பதிவெடுத்துக் கேட்ட தலைமுறைக்கு முதலில் காதில் விழுந்தது கிட்டார்தான். சொற்கள் மங்கலாகப் பின்னால் வந்தன, பாதி வரவேயில்லை. மெட்டல் பாட்டின் வரிகள் ஆங்கிலேயருக்கே பிடிபடுவதில்லை. பாடுகிறவர்களும் இதற்கு உடந்தை. மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் 'ரன் டு தி ஹில்ஸ்' வெள்ளையர் வந்து அமெரிக்கப் பழங்குடிகளை வேட்டையாடிய கதை. அதைக் குதிரைப் பாய்ச்சல் தாளத்தில், ஊரே சேர்ந்து கத்தும்படியான கோரஸோடு அமைத்தவர்கள் அவர்களேதான். துள்ளும்படி மெட்டுப் போட்டுவிட்டு, ஏன் துள்ளினாய் என்று கேட்பது நியாயமில்லை. தவிர, வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர் மற்றவரை இளக்காரமாகப் பார்ப்பதில் அறம் குறைவு, அகங்காரமே அதிகம்.

ஆனால் பிரச்சினை செவியில் இல்லை. 2007 பிப்ரவரியில் பெங்களூருவின் யெலகங்காவில் 'ஏரோ இந்தியா' நடந்தது. உலகின் போர் விமானங்கள் விலைக்கு வந்து நிற்கும் சந்தை அது. அடுத்த மாதமே அயர்ன் மெய்டன் அதே நகரத்துக்கு வந்தது. கையில் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' தொகுப்பு. அதில் பெரும்பகுதி போரும் மதமும் கைகோக்கும்போது நேரும் அழிவைப் பற்றியது. இரண்டுக்கும் ஒரே ஆள் போயிருக்கலாம், இரண்டையும் மனமார ரசித்திருக்கலாம். போர் விமானம் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனம் இயங்கும் ஊரில் இது அதிசயமில்லை. பாட்டில் வரும் போர் வேறு யாருடையதோ என்று எடுத்துக்கொண்டால் முரண் எதுவும் உறைக்காது. பழங்குடிகளின் கதையும் அப்படித்தான், அமெரிக்காவோடு முடிந்துவிடுகிறது. ஆனால் காட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட ஜேனு குருபர் பழங்குடிகளின் நாகரஹொளே பெங்களூருவிலிருந்து சில மணி நேரப் பயணம்தான். பொருள் புரியாதவரை நோக முடியாது. புரிந்தபின்னும் 'இது நம்மைச் சொல்லவில்லை' என்று ஒதுங்குவதுதான் கேள்விக்குரியது.

தமிழ்க் காதுகளுக்கு மொழி என்ற சாக்கும் கிடையாது. 2021-இல் பாடகர்கள் தீயும் அறிவும் பாடி வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' கல்யாண வரவேற்புகளில் ஆட்டப்பாட்டாகிவிட்டது. மண்ணைப் பண்படுத்தியவர்களுக்கு மண் சொந்தமில்லாமல் போனதைப் பற்றிய பாட்டு அது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாள் என்ற பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அவருடைய பேரன் அறிவு எடுத்தது. ஆடுவதில் தவறில்லை, ஒடுக்கப்பட்டவர்களின் பறைக்கும் ஒப்பாரிக்கும் துள்ளல் புதிதல்ல. ஆனால் நிலத்தைப் பிடித்து வைத்திருந்த குடும்பமும் அதே மேடையில் கூச்சமில்லாமல் ஆட முடிகிறது என்றால், அந்தப் பாட்டிலிருந்து எதையோ கழித்துவிட்டுத்தான் ஆடுகிறார்கள்.

இதற்கு மறுமுனையில் பாடகரின் அதிகாரம் இருக்கிறது. 2022 சுற்றுப்பயணத்தில் வாட்டர்ஸ் நிகழ்ச்சி தொடங்கும் முன் ஓர் அறிவிப்பு ஒலிக்கச் செய்தார்: பிங்க் ஃபிளாய்ட் பிடிக்கும், ஆனால் ரோஜரின் அரசியல் பிடிக்காது என்பவர்கள் மதுக்கூடத்துக்குப் போகலாம் என்று, இன்னும் காரமான சொற்களில். டிக்கெட் காசை வாங்கிக்கொண்டு சொல்லும் பேச்சா இது? உக்ரைன் பற்றியும் இஸ்ரேல் பற்றியும் அவர் சொல்வதைக் கேட்டு, யோசித்து, மறுக்கிற ரசிகர் அவரை மதிக்கிறவர்தான். அந்த ரசிகரை விரட்டிவிட்டால் மிஞ்சுவது தலையாட்டும் கூட்டம். 'இன் தி ஃப்ளெஷ்' எள்ளிய கூட்டமே அதுதான்.

ரசிகர் பக்கத்திலிருந்து வரும் கட்டளை இதைவிட மோசம்: பாட்டோடு நிறுத்து, அரசியல் பேசாதே. ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் குழுவின் டாம் மொரெல்லோ பல்லாண்டுகளாக இதைக் கேட்டு வருகிறார். 2012-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் பால் ரயன் அக்குழுவைத் தனக்குப் பிடிக்கும் என்றபோது, நாங்கள் எதிர்த்துப் பாடும் இயந்திரமே நீங்கள்தான் என்று மொரெல்லோ எழுதினார். ரயன் பாட்டைக் கேட்டது குற்றமில்லை. எதிரியின் பாட்டையும் ரசிக்கலாம். பாடியவரின் வாயை மட்டும் அடைக்கக் கூடாது.

பெங்களூரு ரசிகர்களுக்கு இது தெரியாததல்ல. பொதுக் கேளிக்கை இடங்களுக்கான 2005-ஆம் ஆண்டு உரிம ஆணையைக் காட்டி 2008-இல் காவல் துறை பப்களில் நேரடி இசையையும் நடனத்தையும் நிறுத்தியபோது, இசைக்கலைஞர்களும் ரசிகர்களும் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். இசையில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று அன்று யாராவது அவர்களுக்குப் புத்தி சொல்லியிருந்தால், கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்களா?