பெயர் நீங்கிய கவிதை

நூலின் அட்டையில் உள்ள பெயரைக் கண்டவுடனேயே வாசகர் மனத்தில் பாதித் தீர்ப்பு முடிவாகிவிடுகிறது. 1920களில் கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் கற்பித்து, பின்னர் ஹார்வர்டில் பேராசிரியராக விளங்கிய ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ், கவிஞர் பெயரும் காலமும் நீக்கிய கவிதைகளை மாணவரிடம் அளித்துக் கருத்தெழுதச் செய்தபோது, ஜான் டன், ஹாப்கின்ஸ் போன்றோரின் கவிதைகளிலும் பலர் தடுமாறினர் என்பதை, கவிதையின் சொற்களையே நுணுகி ஆராய்ந்து மதிப்பிடும் ‘செய்முறைத் திறனாய்வு’ முறைக்குப் பெயர் தந்த அவரது 1929ஆம் ஆண்டு நூல் பதிவுசெய்தது. புகழைக் கற்பிப்பது எளிது. படிக்கக் கற்பிப்பது அரிது. பெரும்பெயர்களை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர் மாணவரைத் தேர்வில் கரைசேர்க்கிறார். பெயரறியாக் கவிதையின் முன்னும் தம் அறிவை நம்பி நிற்கப் பழக்கும் ஆசிரியரே வாழ்நாள் வாசகரை உருவாக்குகிறார்.